யாருக்குத் தலை பெரிது?

1988 செப்டம்பர் 12, திங்கட்கிழமை. குழந்தைகளுக்கென்று பனியன் தைத்து விற்கும் நாச்சிமுத்துவின் கம்பெனியில், குழந்தை பெற்ற ஒருத்தியை அழைத்து, “இது உன் பிள்ளைக்கு எப்படி இருக்கிறது?” என்று இன்றுவரை எவரும் கேட்டதில்லை. இதுவே சாரதாமணியின் குறை. குறை என்பதுகூட மென்மையான சொல். அநியாயம் என்பதே தகும்.

அந்த அநியாயத்தை அவள் சென்ற வாரம் மாமனார் முன்னிலையில் வாய்விட்டுச் சொல்லிவிட்டாள். அதன் பின் அந்த வீட்டில் எவருக்கும் நிம்மதியில்லை.

நாச்சிமுத்து முப்பது ஆண்டுகளாக ஆண்களுக்குப் பனியன் தைத்துப் பேர் வாங்கியவர். குழந்தைப் பனியனைச் சென்ற ஆண்டுதான் தொடங்கினார். நெஞ்சில் பச்சைக்கிளிப் படம் போட்ட அந்தப் பனியன் முதல் முறை கடைகளில் நன்றாகவே போயிற்று. இரண்டாம் முறை வாங்க ஆளில்லை. கடைக்காரர்கள் மூட்டையைப் பிரிக்காமலே திருப்பி அனுப்பினார்கள்.

“கிளி பழசாப் போச்சுங்கப்பா. ஏரோப்பிளேன் போடோணும்” என்றான் மூத்த மகன் திருமூர்த்தி.

“கிளிக்கு என்னடா கொறச்சல்? சாயம்தான் மங்கல்” என்றார் தந்தை.

கிளியா, ஏரோப்பிளேனா என்று அப்பனும் மகனும் வாரம் முழுவதும் சண்டையிட்டார்கள். இளைய மருமகள் சாரதாமணி அப்போதுதான் குறுக்கே பேசினாள். வாங்கியவர்களைக் கேட்காமல் தீபாவளிச் சரக்கை வெட்டக் கூடாது என்றாள். நாச்சிமுத்து அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

“செவ்வாக்கெழமை காலைல துணி வெட்டறோம். திங்கக்கெழமை ஒரு நாள் உனக்கு. போயிக் கேட்டுட்டு வா அம்மிணி. வெறுங்கையோட வந்தயின்னா, பொறவு கம்பெனிப் படி ஏறப்படாது. ஊட்டோட இருந்துக்கோணும்.”

கணவன் சென்னிமலை சரக்கு விற்க ஆந்திரப் பக்கம் போயிருந்தான். பரிந்து பேச ஆளில்லை. கம்பெனியில் சரக்கைச் சரிபார்த்து அட்டைப்பெட்டியில் அடுக்கும் பகுதி, திருமணமான மறு ஆண்டிலிருந்து சாரதாமணியின் பொறுப்பு. இந்த வீட்டில் அவளுடையது என்று சொல்லிக்கொள்ள இருந்தது அந்த ஓர் அறைதான். அதைப் பணயம் வைத்துத்தான் இன்று காலை புறப்பட்டாள்.

மருமகள் தனியே சந்தைக்குப் போவது அந்த வீட்டில் வழக்கமில்லை. ஆகையால் மாமியார் கண்ணம்மாளும் உடன் கிளம்பினாள். வாசலில் திருமூர்த்தி ஸ்கூட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

“ஏனுங்கம்மா, பல்லடத்துச் சந்தைல கத்திரிக்கா வாங்கப் போறீங்களா, புத்தி வாங்கப் போறீங்களா?”

“ரெண்டையும் வெல கேட்டுட்டு வாறோம். உனக்கு எது பத்தலைன்னு சொல்லு சாமி, சேத்து வாங்கியாறேன்” என்றாள் கண்ணம்மாள்.

சாரதாமணிக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் கணவனின் அண்ணன் எதிரே சிரிக்கக் கூடாது. அவனிடம் நேராகப் பேசவும் கூடாது. அவன் எதிரே நின்றாலும், “அவியகிட்டச் சொல்லுங்க அத்தை” என்று மாமியார் வழியாகத்தான் பேசவேண்டும். ஆறு ஆண்டுகளாக அவள் அந்த முறையை மீறியதில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நடந்தாள்.

பல்லடம் சந்தை களை கட்டியிருந்தது. வெங்காய மூட்டைகளுக்கும் கோழிக் கூடைகளுக்கும் இடையே மனிதர்கள் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு நடந்தார்கள். கண்ணம்மாள் மாதிரிப் பனியன்கள் வைத்த, கம்பெனிப் பெயர் அச்சிட்ட பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, கழுத்துச் சங்கிலி நன்றாகத் தெரியும்படி, இடுப்பில் பிள்ளையோடு வந்த ஒவ்வொருத்தியையும் நிறுத்தினாள்.

“ஏனுங்க, இது எங்க கம்பெனிப் பனியன். நல்லாருக்குதுங்களா?”

“நல்லாருக்குதுங்க.”

“துணி?”

“அருமையான துணிங்க.”

“படம்?”

“கிளிங்களா? நல்லாருக்குதுங்க.”

ஏரோப்பிளேன் படத்தைக் காட்டினால் அதுவும் நன்றாக இருந்தது. வெள்ளை நன்றாக இருந்தது. மஞ்சள் அதைவிட நன்றாக இருந்தது. வெயில் ஏறுவதற்குள் அந்தச் சந்தைக்கு வந்திருந்த தாய்மாரில் பாதிப் பேர், அந்தப் பனியனைப் போலொரு பனியன் உலகத்திலேயே இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

கண்ணம்மாளுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. “வந்த வேலை முடிஞ்சுது கண்ணு. அத்தன பேரும் நல்லாருக்குதுன்னு சொல்லிப்போட்டாங்க. பஸ்ஸப் புடிப்போம்.”

சாரதாமணி அசையவில்லை. இத்தனை நல்ல பனியன் ஏன் மூட்டையோடு திரும்பி வந்தது? யாரோ ஒருத்தி பொய் சொன்னால் புரிந்துகொள்ளலாம். இத்தனை பேரும் ஒரே பொய்யைச் சொல்லத் தேவை என்ன?

“அத்தை, நேத்துக் கல்யாணத்துல பாயசம் அடி புடிச்சுப் போச்சுன்னு பஸ்ஸு நெடுகத் திட்டிட்டு வந்தீங்களே. பந்தியில பொண்ணோட அம்மா வந்து கேட்டப்ப என்னங்க சொன்னீங்க?”

“பாயசம் அமிர்தமா இருக்குதுன்னு சொன்னேன். பின்ன என்ன கண்ணு, ஆக்கிப் போட்டவிய மூஞ்சிக்கு நேரா...”

கண்ணம்மாள் பாதியில் நிறுத்தினாள். தோளில் தொங்கிய பையைப் பார்த்தாள். அதில் கம்பெனியின் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது.

“அடக் கெரகமே! நம்ம மூஞ்சிக்கு நேராவா கேட்டுட்டிருந்தோம் இவ்வளவு நேரமும்?”

“ஆமாங்க அத்தை. நம்ம ஊர்க்காரிய நம்மகிட்ட வேற என்னங்க சொல்லுவாங்க? இனிமே கேக்கவே வேண்டாம். போட்டுப் பாக்கச் சொல்லுவோம்.”

பை உட்புறம் வெளிப்புறமாகத் திருப்பப்பட்டது. சங்கிலி ரவிக்கைக்குள் போயிற்று. இருவரும் நிலக்கடலைக்காரி அருகில், வேப்ப மர நிழலில் உட்கார்ந்தார்கள். சாரதாமணி ஒரு பொய்யைத் தயார் செய்தாள்.

“தம்பி பையனுக்குப் பனியன் எடுத்தமுங்க. அளவு தெரியலீங்க. உங்க பையன் அவனாட்டவே இருக்கறான். ஒருக்காப் போட்டுப் பாத்துத் தாறீங்களா?”

“எனக்குத் தம்பி பையனே இல்லையே கண்ணு” என்று கண்ணம்மாள் காதோடு முனகினாள்.

“எனக்கும் இல்லீங்க. சும்மா இருங்க அத்தை.”

பொங்கலூரிலிருந்து வந்த வேலாத்தாள் முதலில் அகப்பட்டாள். வெங்காயப் பையைக் கீழே வைத்துவிட்டு, மகனை மடியில் நிறுத்திப் பனியனைத் தலையில் மாட்டினாள். பனியன் நெற்றிவரை வந்தது. அதற்குக் கீழே இறங்கவில்லை. இழுத்தாள்; காதில் சிக்கிக்கொண்டது. பையன் கிளிப் படத்துக்குள்ளிருந்து சந்தையே திரும்பிப் பார்க்கும்படி அலறினான். ஒருவழியாகத் தலை வெளியே வந்தபோது காது இரண்டும் செக்கச் சிவந்திருந்தன.

சாரதாமணி மூச்சைப் பிடித்துக்கொண்டு அவள் வாயைப் பார்த்தாள்.

வேலாத்தாள் வெட்கத்தோடு சிரித்தாள். “உங்க பனியன் நல்லாத்தானுங்க இருக்குது. எங்க பையனுக்கு மண்டை கொஞ்சம் பெருசுங்க. அவங்கப்பன் வாட்டம்.”

அடுத்து வந்தவளின் மகளுக்கும் காதில் சிக்கியது. “எங்க புள்ளைக்குத் தலை பெருசுங்க. இவ தாய்மாமனுக்கும் இப்படித்தான்” என்றாள் அவள். மூன்றாமவள் தன் மாமியார் வழியைக் குறை சொன்னாள். நான்காமவள் சொல்வதற்கு முன்பே கண்ணம்மாள் முந்திக்கொண்டு, “தலை கொஞ்சம் பெருசுங்களா?” என்றாள். “ஆமாங்க, உங்களுக்கு எப்படித் தெரியும்?” என்று அவள் வியந்தாள்.

ஒரு குழந்தைக்குத் தலை பெரிதாக இருக்கலாம். பல்லடம் வட்டாரத்தில் பிறந்த அத்தனை குழந்தைகளுக்குமா பெரிதாக இருக்கும்? பனியன் தைத்தவன் செய்த பிழைக்குப் பெற்றவள் தன் பிள்ளையைப் பழிக்கிறாள்! தவறு பனியனின் கழுத்தில் இருக்க, பழி மட்டும் பிள்ளையின் தலைக்கு. சாரதாமணிக்குக் கோபமும் மகிழ்ச்சியும் ஒருசேரப் பொங்கின.

“அத்தை, ஒண்ணு கவனிச்சீங்களா? இத்தன பேருல ஒருத்தியாவது கிளியப் பாத்தாங்களா, ஏரோப்பிளேனப் பாத்தாங்களா?”

“எங்க பாக்கறது? புள்ளை கத்தற கத்துல எனக்கே ஒண்ணும் தெரியல.”

அப்போதுதான் எதிரே வந்த ஒரு குழந்தையின் நெஞ்சில் சாரதாமணி தன் கம்பெனிக் கிளியைக் கண்டாள். ஆனால் அந்தக் கிளிக்கு அலகு இல்லை. பனியனின் கழுத்திலிருந்து கிளியின் அலகு வரைக்கும் நேராகக் கிழிக்கப்பட்டு, மேலே ஓர் ஊக்கு குத்தப்பட்டிருந்தது. குழந்தையைத் தூக்கி வந்தவள் மாரக்காள்; தறிகள் ஓடும் குடோனில் நூல் சுற்றுபவள்.

“ஏனுங்க, புதுப் பனியனை இப்படி வெட்டிப்போட்டீங்க?”

“வெட்டாமப் போட்டா காது கையோட வந்துருமுங்க. பிளேடுல ஒரு கீறு, ஒரு ஊக்கு. இப்பச் சொகமாப் போயிருது. துணி நல்ல துணிங்க, குத்தம் சொல்லப்படாது.”

“ஊக்கு குத்தாதுங்களா?”

“குத்தும். அதுக்கு என்னுங்க பண்றது?”

சாரதாமணி எழுந்துவிட்டாள். சந்தையின் ஓரத்தில் சாக்குப் பை தைக்கும் தையல்காரர் ஒருவர் மெஷினோடு உட்கார்ந்திருந்தார். மணியும் பொத்தானும் விற்கும் கடை அவருக்குப் பக்கத்திலேயே இருந்தது. பையிலிருந்த பனியன்களை அவர் மடியில் போட்டாள்.

“அண்ணா, இந்தத் தோளைப் பிரிச்சு, பட்டி வெச்சுப் பொத்தான் தெச்சுக் குடுங்க.”

“நல்ல பனியனையா?” என்றார் அவர்.

“நல்ல பனியன் இல்லீங்க. நல்ல பனியனா ஆக்கோணும்.”

முதலில் இரண்டு தோளையும் பிரித்து, கூடவே வந்த மாரக்காளின் குழந்தைக்குப் போட்டுப் பார்த்தாள். தலை எளிதாக நுழைந்தது. ஆனால் குழந்தை ஒரு குதி குதித்ததும் பனியன் முழங்கைக்கு வழிந்தது. ஒரு தோள் போதும் என்று முடிவாயிற்று. எந்தத் தோள்? கேட்கவில்லை, உட்கார்ந்து பார்த்தாள். தாய்மார் பிள்ளையை இடுப்பின் இடப்பக்கத்தில் வைத்துக்கொண்டு, வலக்கையால்தான் மற்ற வேலையைச் செய்தார்கள். பிள்ளையின் இடத்தோள்தான் அந்தக் கைக்கு எட்டியது. அப்படியானால் இடத்தோள். சாதாரணப் பொத்தானை ஒரு கையால் மாட்ட முடியவில்லை. கொக்கி பிள்ளையைக் கீறியது. அழுத்தினால் மூடிக்கொள்ளும் பிரஸ் பட்டன் வைத்தபின், மாரக்காள் ஒரு கையால் குழந்தையைப் பிடித்தபடி மறு கையால் அதை டக்கென்று மூடினாள்.

குழந்தை அழவில்லை. கையிலிருந்த கடலையை வாயில் போட்டுக்கொண்டது.

மாரக்காள் பட்டனைத் திறந்தாள், மூடினாள், மறுபடியும் திறந்தாள். “இது எந்தக் கடையில கெடைக்குதுங்க?” என்றாள்.

காலையிலிருந்து எத்தனையோ பேர் நல்லாருக்குது என்று சொன்னார்கள். எந்தக் கடையில் கிடைக்கும் என்று கேட்டவள் இவள் ஒருத்திதான். அந்தக் கேள்வியைக் கேட்டதும் சாரதாமணிக்குக் கண் கலங்கிவிட்டது.

பொழுது சாய்ந்திருந்தது. இருவரும் கம்பெனிக்குள் நுழைந்தபோது, துணி வெட்டும் மேசைமேல் துணி அடுக்கடுக்காக விரிக்கப்பட்டிருந்தது. வெட்டும் ஆத்தப்பன் கத்தரியோடு நின்றார். திருமூர்த்தி காலைவரை காத்திருக்க விரும்பவில்லை.

“காலைல வெட்டறதுன்னுதானே பேச்சு?” என்றாள் கண்ணம்மாள்.

“நல்ல நேரம் இப்பத்தானுங்கம்மா. சந்தைல என்ன சொன்னாங்க, கிளியா ஏரோப்பிளேனா?”

நாச்சிமுத்து நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். சாரதாமணி, முறைப்படி மாமியார் பக்கம் திரும்பி நின்று, நடந்ததைச் சொன்னாள். பனியன் தலைக்குள் போகவில்லை என்றதும் திருமூர்த்தி சிரித்தான்.

“போகலையா? எத்தன தடவை போட்டுப் பாத்திருக்கறோம்!”

மூலையில் துணிக்கடைகளில் நிற்பது போன்ற ஒரு குழந்தைப் பொம்மை நின்றது. அவன் ஒரு பனியனை எடுத்து அதற்கு மாட்டினான். பனியன் வழுக்கிக்கொண்டு இறங்கி, ஒரு சுருக்கமும் இல்லாமல் உட்கார்ந்தது.

“பாருங்கப்பா! அளவு எடுத்தாப்பல இருக்குது. இதுக்கு என்ன கொறை?”

சாரதாமணி அந்தப் பொம்மையைப் பார்த்தாள். அதற்குத் தோள் இருந்தது, நெஞ்சு இருந்தது, கழுத்தும் கொஞ்சம் இருந்தது. ஆறு ஆண்டு முறை அந்த ஒரு நொடியில் மறந்துபோயிற்று; திருமூர்த்தியின் பக்கமே நேராகத் திரும்பினாள்.

“ஏனுங்க மாமா, அதுக்குத் தலை எங்கீங்க?”

தையல் மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. ஓரம் தைக்கும் ஓவர்லாக் மெஷினில் இருந்த பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். திருமூர்த்தி பொம்மையைப் பார்த்தான். பிறகு தன்னிடம் நேராகப் பேசிவிட்ட தம்பி மனைவியைப் பார்த்தான். எதற்கு முதலில் கோபப்படுவது என்று அவனுக்குத் தெரியவில்லை.

“ஆத்தப்பா, கழுத்து அளவு எப்படி எடுத்தே?” என்றார் நாச்சிமுத்து.

“பெரியவிய அளவப் பாதியாக் கொறச்சனுங்க. நெஞ்சு பாதி, நீளம் பாதி, கழுத்தும் பாதிங்க.”

“புள்ளைங்களுக்கு நெஞ்சு பாதி இருக்கும், தலையும் பாதியாவா இருக்கும்?” என்றாள் சாரதாமணி.

நாச்சிமுத்து வாயால் எதையும் நம்புகிறவர் அல்லர். “போயிக் கதிரேசனைத் தூக்கிட்டு வரச் சொல்லு” என்றார். கதிரேசன், திருமூர்த்தியின் மகன். அடுத்த மாதம் மூன்று வயது முடிகிறது. வீடு பின்புறம்தான். திருமூர்த்தியின் மனைவி நல்லம்மாள் பிள்ளையோடு வந்து கதவருகில் நின்றாள்.

தாத்தா தம் கையாலேயே, மாதிரிக்குத் தைத்த ஏரோப்பிளேன் பனியனைப் பேரனுக்கு மாட்டினார். ஏரோப்பிளேன் மூக்கில் மோதி நின்றுவிட்டது. பேரன் கம்பெனிக் கூரை அதிர அலறி, தாத்தாவின் கையைக் கடித்தான். சாரதாமணி அவனை வாங்கிக்கொண்டு, இடத்தோள் பிரிந்த பனியனை மாட்டி, பட்டனை அழுத்தினாள். அவன் தோளைத் திருப்பிப் பார்த்து, பட்டனைத் தடவி, விசும்பலை நிறுத்திவிட்டுச் சிரித்தான்.

நாச்சிமுத்து கடிபட்ட கையைத் தேய்த்தபடி மூத்த மருமகளைப் பார்த்தார்.

“ஏம்மா நல்லம்மா, இவன் நம்ம பனியனைப் போட்டு நான் பாத்ததே இல்லையே?”

“நான் போடறதில்லீங்க மாமா. போன வருசம் நாலஞ்சு தடவை போட்டுப் பாத்தனுங்க. அழுதானுங்க. அப்பறம் சட்டையே போட்டு உட்டுட்டேன்.”

“ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?”

நல்லம்மாள் தரையைப் பார்த்தாள். “யாருங்க கேட்டீங்க? நம்ம ஊட்டுப் பனியன்ல கொறை இருக்குமுன்னு நான் நெனைக்கலீங்க. இவனுக்குத்தான் மண்டை பெருசுன்னு இருந்துட்டேன்.”

கண்ணம்மாளுக்கு அடக்க முடியவில்லை. “இவளுமா!” என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பு மெஷின் வரிசை முழுவதும் பரவியது. நாச்சிமுத்துவும் சிரித்தார். சிரித்து முடித்து எழுந்தவர் குரல் மாறியிருந்தது.

“ஆத்தப்பா, கத்தரியக் கீழ வை. கழுத்தளவு அட்டையக் கிழிச்சுப் போட்டுட்டுப் புதுசா எடு. அளவு சின்ன மருமக சொல்றாப்பல. இனிமேல் புள்ளைங்க சரக்குல அம்மிணி சரின்னு சொல்லாம ஒரு பீஸும் இந்த மேசைல ஏறப்படாது.” பிறகு சற்றுத் தயங்கிக் கேட்டார்: “அப்பறம் படம்? கிளிதானே?”

“எதை வேணாலும் போடுங்க மாமா. தலை உள்ள போனாத்தான் படம் வெளிய தெரியும்.”

அடுக்கும் அறை மட்டுமன்று, வெட்டும் மேசையும் இப்போது அவளுடையது. சாரதாமணி மேசையின் விளிம்பைக் கையால் தடவினாள். விரித்திருந்த துணியின் உயரத்தை அப்போதுதான் கவனித்தாள். தீபாவளிக்கென்று வந்த துணி இவ்வளவுதானா?

“ஆத்தப்பண்ணா, மீதித் துணி எங்கீங்க?”

ஆத்தப்பன் திருமூர்த்தியைப் பார்த்தார். திருமூர்த்தி பொம்மையைப் பார்த்தான்.

“காலைல நீங்க பஸ் ஏறினதுமே பாதித் துணி முதலிபாளையத்துக்குப் போயிருச்சுங்க. அங்க வெளிய குடுத்து வெட்டித் தைக்கறாங்க. இந்நேரம் லாரியே ஏறியிருக்கும்” என்றார் ஆத்தப்பன்.

“லாரி எந்த ஊருக்கு?” என்று கேட்டார் நாச்சிமுத்து. திருமூர்த்தி வெளியே நடந்தான். ஸ்கூட்டர் கிளம்பும் ஓசை கேட்டது.

லாரியைத் துரத்திப் பிடிக்கிறானா, தப்பி ஓடுகிறானா என்பது அவனுக்கே வெளிச்சம். ஆனால் வாசகரே, அந்தப் பழைய கழுத்துப் பனியன் உம்முடைய ஊர்க் கடைக்கு வந்து சேர்ந்தாலும் சேரலாம். வந்தால் ஒன்று செய்யும். உம் பிள்ளைக்குக் கடையிலேயே மாட்டிப் பாரும். காதில் சிக்கினால், மரியாதைக்குச் சிரித்துவிட்டுப் பிள்ளையின் தலையைப் பழிக்காதீர். தலை சரியாகத்தான் இருக்கிறது, கழுத்துத்தான் தவறு என்று, கடைக்காரர் முகத்துக்கு நேராக, உரத்த குரலில் சொல்லும்!